கொழும்பில் பால் காய்ச்ச நாள் பார்க்கிறவர்களுக்கு

விசா, வாடகை ஒப்பந்தம், முன்பணம் எல்லாவற்றையும் கம்பெனிக்காரரும் வீட்டுத் தரகரும் பார்த்துக்கொள்வார்கள். புது வீட்டில் நண்பர்களைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சுவது உங்கள் பாடு. சென்னை, மதுரையிலிருந்து வருகிறவர்கள் அதில் சறுக்குவது பெரும்பாலும் நாள் விஷயத்தில்தான்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, பொது விடுமுறை. ஊர்க் காலண்டரில் நல்ல நாள், ஆபீஸ் காலண்டரில் லீவு, வேறென்ன வேண்டும் என்று முப்பது பேருக்குச் சொல்லிவிடுவார்கள். அன்று மதுக்கடை திறக்காது, ஹோட்டல் பாரிலும் கிடைக்காது. இறைச்சிக் கடைகளும் பூட்டு. முதல்நாளே வாங்கி வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், வீட்டுக்குள் குடிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் கூப்பிட்ட சிங்கள நண்பர்களில் சிலர் வெள்ளை உடுத்துப் பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், சில் என்ற நோன்பு எடுத்திருப்பார்கள். சில் எடுத்தவர் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடவும் மாட்டார். உங்கள் பிரியாணி யாருக்கு?

வைகாசியில் முகூர்த்தம் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புத்தரின் பெரிய பண்டிகையான வெசாக் சில வருடம் அந்த மாதப் பௌர்ணமியிலும், சில வருடம் சித்திரைப் பௌர்ணமியிலும் வரும். மறுநாளும் விடுமுறை, மது இறைச்சிக் கடைகள் இரண்டு நாளும் பூட்டு. பொழுது சாய்ந்தால் வெளிச்சக்கூடும் மின்விளக்குத் தோரணமும் பார்க்க, தன்சல் என்ற இலவச அன்னதானப் பந்தலில் சாப்பிட, ஊரே வீதியில் நிற்கும். அந்த நெரிசலில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு விருந்தாளி வந்து சேர்வதற்குள் சோறு ஆறிவிடும்.

போயா காலையில் சடங்கையும் மரக்கறிச் (சைவ) சாப்பாட்டையும் முடியுங்கள். நண்பர்கள் கூத்தை அடுத்த சனிக்கிழமை இரவுக்குத் தள்ளுங்கள். ஒரே செலவில் இரண்டையும் முடிக்கும் கெட்டிக்காரத்தனம் இங்கே பலிக்காது.

பால் காய்ச்சுவது பற்றிப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. புது வீட்டில் புதுப் பானையில் பால் பொங்க வைப்பது சிங்கள வழக்கமும்தான், கூப்பிட்டால் மகிழ்ந்து வருவார்கள். அடுப்பைத்தான் முதலில் பாருங்கள். புதிய தொடர்மாடிகள் (அபார்ட்மென்ட்கள்) சிலவற்றில் இண்டக்ஷன் அடுப்பு இருக்கும். அதில் மண்பானையும் சூடாகாது, அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைப் பானையும் சூடாகாது. சிறிய கேஸ் அடுப்பொன்று இரவல் வாங்குங்கள். மண்பானையை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, தீயைச் சிறிதாக வைத்துத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அடி வெடிக்கும். 1 லீற்றர் பாலுக்கு ஒன்றேகால் லீற்றர் பானை போதும். 3 லீற்றர் பானையில் ஊற்றிவிட்டுப் பொங்கவில்லையே என்று முழிப்பவர்கள் உண்டு. கடைக்கு ஆளனுப்பினால் திரவப் பால் என்று சொல்லி அனுப்புங்கள். இந்த ஊரில் பால் என்றால் பலர் பால்மா (பால் பவுடர்) பைக்கற்றோடு திரும்பி வருவார்கள். பால் வழிந்து சுடரை அணைத்தாலும் கேஸ் வந்துகொண்டிருக்கும், ஆகவே திருகியில் ஒரு கை இருக்கட்டும்.

ஹோமம் உண்டென்றால் தொடர்மாடி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். புகை உணரியை அவர்கள் நிறுத்தித் தர வேண்டும், நீங்களே பொலித்தீன் பை கட்டி மூடக் கூடாது.

சாப்பாட்டுக்கு, முப்பது பேருக்கு மூன்றரைக் கிலோ அரிசி. இடியப்பம் என்றால் ஆளுக்குப் பத்துக் கணக்கு. 'மரக்கறி மட்டும்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு சேர்ப்பது இங்கே சர்வசாதாரணம், சமைப்பவர் அதை அசைவமாகவே நினைப்பதில்லை. மாசி போடக் கூடாது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அல்லது வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ உள்ள சைவக் கடைகளில் சொல்லிவிடுங்கள். சாம்பார் மட்டும் உங்கள் ஊர் மாதிரி இருக்காது, அதற்கு அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.