மூட்டையைத் தோளில் ஏற்றும் முன்

சிறப்புப் படைத் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் பற்றித்தான். நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய பையை. பலரைக் கவிழ்ப்பது சுமை நடை, அதாவது முதுகில் பாரத்தோடு நேரக் கணக்கில் நடப்பது. அமெரிக்க ராணுவத்தின் கடுமையான போர்ப் பயிற்சியான ரேஞ்சர் பள்ளியில் சுமார் 16 கிலோவோடு 12 மைலை 3 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். 2015-இல் முதன்முதலாகத் தேறிய இரண்டு பெண்களுக்கும் அதே கணக்குதான்.

பையைத் தாங்கும் சட்டம் (ஃப்ரேம்) உங்கள் முதுகைவிட நீளமாக இருந்தால், இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே நழுவிவிடும். அப்புறம் மொத்த பாரமும் தோளில்தான். நானே ஒருமுறை அப்படி நடந்துவிட்டு, மறுநாள் தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கனமான பொருளை மேல்முதுகை ஒட்டி வையுங்கள். காலி இடத்தில் துணியைத் திணித்துவிடுங்கள்; உள்ளே எதுவும் ஆடக் கூடாது.

வாரம் ஒரு நடை போதும். 8 கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கிலோ கூட்டுங்கள். சுமையோடு ஓட வேண்டாம்.

மாதவிடாய் நின்றுபோனால் 'தொல்லை விட்டது' என்று இருந்துவிடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அப்படியே விட்டால் எலும்பில் கீறல் விழலாம். மருத்துவரைப் பாருங்கள், இரும்புச் சத்தையும் சோதியுங்கள்.

சரி, பையை எடை போடும்போது தண்ணீரைச் சேர்க்காதீர்கள். அது வழியிலேயே தீர்ந்துவிடும்.