பல வருடம் ஓட்டாத காருக்கு மறுபடி இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

இன்சூரன்ஸ் முடிந்துபோன காரை மெக்கானிக் கடைவரைகூட ஓட்டிப் போகாதீர்கள். போலீஸ் பிடித்தால் முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஒரு பைக்காரரை இடித்துவிட்டால் அவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீடு முழுக்க நம் தலையில் விழும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

சில வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு காட்பாடிக்குத் திரும்பி, ஷெட்டில் நின்ற காரை ரோட்டுக்குக் கொண்டுவந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். "இத்தனை வருடம் ஓட்டலையே, பிரீமியம் ஏறுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏறாது. இங்கே பிரீமியம் பெரும்பாலும் காரைப் பார்த்துத்தான்: என்ன மாடல், எத்தனை சி.சி., எத்தனை வருடப் பழசு, எந்த ஊர்ப் பதிவு. நீங்கள் ஓட்டாத வருடங்களை விட்டுவிடுவார்கள், பாலிசி விட்டுப்போன நாட்களைத்தான் எண்ணுவார்கள்.

படி 1: லைசென்ஸ்

அரசின் சாரதி இணையதளத்தில் உங்கள் லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் புதுப்பித்துவிடலாம். அதைத் தாண்டினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்துடன் படிவம் 1ஏ வேண்டும்.

காலாவதியான லைசென்ஸை வைத்துக்கொண்டும் பாலிசி வாங்கிவிட முடியும் என்பதுதான் இதில் ஆபத்து. பணம் கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். விபத்து என்று வரும்போது நம் வண்டிச் சேதத்துக்கான கிளைமை மறுத்துவிடுவார்கள். ஓனருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால்தான்.

படி 2: ஆர்.சி.

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரம் தெரியும். 15 வருடம் முடிந்திருந்தால் ஆர்.சி.யும் புதுப்பிக்க வேண்டும். லோன் எப்போதோ முடிந்திருந்தும் பேங்க் பெயர் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் பேங்கில் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் வாங்கி நீக்கிவிடுங்கள்.

படி 3: எந்த பாலிசி

தர்ட் பார்ட்டி (நம் வண்டியால் பாதிக்கப்பட்ட அடுத்தவருக்கு இழப்பீடு தருவது) கட்டாயம். 2022 ஜூன் கட்டணப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜி.எஸ்.டி. தனி. இதற்கு இன்ஸ்பெக்‌ஷன் தேவையில்லை. கார் மிகவும் பழசாகி, சந்தை மதிப்பும் குறைந்துவிட்டது என்றால் இதுவே போதும் என்பேன். மற்றவர்கள் நம் காரின் சேதத்துக்கும் சேர்த்துத் தரும் ஃபுல் இன்சூரன்ஸ் எடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு கூடுதலாகச் சேர்க்கும் இன்ஜின் காப்பு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது.

விலையைப் பார்க்க மட்டும் ஒப்பீட்டுத் தளங்களுக்குப் போங்கள். வாங்குவது கம்பெனியின் சொந்தத் தளத்திலோ கிளையிலோ இருக்கட்டும். பிரச்சினை என்று வந்தால் நடுவில் ஆள் இல்லாமல் நேராகப் பேசலாம்.

பாலிசி முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) போய்விடும், 50 சதவீதம் சேர்ந்திருந்தாலும் சரி. படிவத்தில் "இருக்கிறது" என்று டிக் செய்யாதீர்கள். கிளைம் நேரத்தில் பழைய கம்பெனியிடம் கேட்டுவிடுவார்கள்.

படி 4: இன்ஸ்பெக்‌ஷன்

நாட்கள் இழுத்தது இங்கேதான். பாலிசி விட்டுப்போன காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் வண்டியைப் பார்த்த பிறகுதான் தருவார்கள். சர்வேயர் வீட்டுக்கு வருவார், அல்லது போனுக்கு ஒரு லிங்க் வரும். நாமே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

நான் அனுப்பிய முதல் வீடியோவைத் திருப்பி அனுப்பினார்கள். மதிய வெயிலில் முன் கண்ணாடி முழுக்கப் பளபளப்பு, விரிசல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். வேலூர் வெயிலில் காலை ஏழு மணிக்குள் எடுப்பதுதான் சரி. முதல் நாளே வண்டியைக் கழுவி, பேட்டரியை சார்ஜ் செய்து வையுங்கள். இன்ஜின் ஓடும்போது கிலோமீட்டர் மீட்டரைக் காட்டச் சொல்வார்கள். நின்றே கிடந்த காரில் பேட்டரிதான் முதலில் கைவிடும். சேசிஸ் எண் எங்கே அடித்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். மெக்கானிக்கிடம் கேட்டுத் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக்கொண்டு, அப்புறம் கேமராவைத் தொடுங்கள். பழைய கீறல்களை மறைக்க வேண்டாம். அவை பதிவானால் அவற்றுக்கு மட்டும்தான் கிளைம் கிடையாது.

ஒப்புதல் வந்ததும் உடனே பணம் கட்டுங்கள். தள்ளிப்போட்டால் மறுபடி வீடியோ கேட்பார்கள். பாலிசி கைக்கு வந்ததும் அது எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று படியுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகே சாவியைத் திருப்புங்கள்.

பின்சேர்க்கை 1: 2018 செப்டம்பர் முதல் புதிதாக வாங்கிய கார்களுக்கு மூன்று வருட தர்ட் பார்ட்டி சேர்த்தே கொடுத்தார்கள். ஆம்பூரிலிருந்து எழுதிய வாசகர் காருக்கு அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் சொந்தச் சேதத்துக்கு மட்டும் தனி பாலிசி எடுக்கலாம், வேறு கம்பெனியிலும் கிடைக்கும்.

பின்சேர்க்கை 2: அப்பா இறந்த பிறகும் அவர் பெயரிலேயே கார் இருக்கிறது என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவர் பெயரில் பாலிசியைப் புதுப்பிக்காதீர்கள். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், படிவம் 31 வைத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.