கினிப் பன்றியின் பின்புறத் தூய்மை: கவனிக்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

உடல்நலத்துடன் இருக்கும் குட்டை முடிக் கினிப் பன்றியின் பின்புறத்தை நாம் கழுவிவிட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அது தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ஆகவே பின்புறத்தில் மலம் ஒட்டியிருந்தாலோ, முடி ஈரமாகித் திரிந்திருந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, அந்த விலங்கால் வழக்கமாகச் செய்ய முடிந்த ஒன்றை இப்போது செய்ய முடியவில்லை என்று பொருள். கழுவிவிட்டால் நாற்றம் போய்விடும். காரணம் அப்படியே இருக்கும். பலர் வாரக்கணக்கில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நோய் முற்றிய பிறகு மருத்துவரிடம் ஓடுவது இதனால்தான்.

கினிப் பன்றி இருவகைப் புழுக்கைகளை இடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. கூண்டில் நாம் அள்ளிக் கொட்டுபவை கெட்டியான, கரும்பழுப்பு நிற, நீள்வடிவப் புழுக்கைகள். மற்றொரு வகை குருட்டுக்குடலில் நொதித்து உருவாகும் மென்மையான புழுக்கை. இதைக் கினிப் பன்றி குனிந்து தன் குதத்திலிருந்து நேரடியாகவே வாயில் எடுத்துத் தின்றுவிடும். பி வகை வைட்டமின்களும் புரதமும் அதற்கு இவ்வாறும் கிடைக்கின்றன. உடல் பருத்துவிட்டாலோ, மூட்டுவலி வந்தாலோ, பல்வலியால் வாயைப் பயன்படுத்த முடியாவிட்டாலோ, குனிந்து எடுப்பது தடைப்பட்டு அந்த மென்புழுக்கை பின்புறத்திலேயே அப்பிக்கொள்ளும். எனவே ஒட்டியிருப்பதெல்லாம் வயிற்றுப்போக்கு அல்ல.

வாரம் ஒரு நாளைப் பரிசோதனைக்கென ஒதுக்குங்கள். நாற்காலியில் அல்ல, தரையில் அமர்ந்து செய்யுங்கள். துள்ளி விழுந்தால் இவற்றின் எலும்புகள் எளிதில் முறியும். ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி வைத்து, மறு கையால் பின்பாகத்தின் எடையைத் தாங்கி, அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி உட்கார்ந்த நிலையில் பிடித்தால் அடிப்பாகம் முழுவதும் தெரியும். மல்லாக்கப் படுக்கவைத்து நெடுநேரம் பிடிக்க வேண்டாம். பிறகு சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வளர்ந்த கினிப் பன்றி ஏறத்தாழ 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். ஒரே வாரத்தில் 50 கிராம் குறைந்தால் அன்றாடம் கவனிக்கத் தொடங்குங்கள். 100 கிராமை நெருங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வயதான ஆண் கினிப் பன்றிகளுக்கு வரும் மலத்தேக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குதத்தைச் சுற்றி ஆணுக்கு ஒரு தோல் பை உண்டு. வயது ஏற ஏற அங்குள்ள தசைகள் தளர்ந்து, மென்புழுக்கை வெளியே வர இயலாமல் அந்தப் பையிலேயே திரண்டு உருண்டையாகிவிடும். கெட்டிப் புழுக்கைகள் அதன் ஓரமாக வந்துகொண்டே இருக்கக்கூடும் என்பதால் வளர்ப்பவருக்கு ஐயமே எழாது. என் ஆண் கினிப் பன்றிக்கு நான்கு வயது கடந்தபோது, மடியில் இருந்த அதன் மேல் அழுகல் நாற்றம் வீசியதைக் கொண்டுதான் நான் கண்டுபிடித்தேன். குதத்தின் வாய் விரிந்திருந்தது. உள்ளே ஒரு பெரிய திராட்சைப் பழத்தின் அளவில், கருமையாகப் பளபளக்கும் கட்டி தெரிந்தது. முந்தைய வாரம் எடை 40 கிராம் குறைந்திருந்ததை நான் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன்.

முதல் முறை இதை மருத்துவரிடம் காட்டி, அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதே சரி. வீட்டில் செய்யும் முறை இதுதான். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியைப் பின்புறத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றிப் பிடியுங்கள். பிறகு திரவ பாரஃபினையோ தேங்காய் எண்ணெயையோ சில துளிகள் விட்டு, அது கட்டியைச் சுற்றிலும் ஊறும் வரை காத்திருங்கள். இரு கட்டைவிரல்களையும் பையின் இருபுறமும் வெளித்தோலின் மேல் வைத்து, அடியிலிருந்து வாயை நோக்கி மெல்ல நெருக்கினால் கட்டி மொத்தமாக நழுவி வெளியே வரும். வராவிட்டால் மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டுமே தவிர, விரல் நகத்தையோ இடுக்கியையோ உள்ளே விட்டுத் தோண்டக் கூடாது. அங்குள்ள தோல் மிக மெல்லியது. கிழிந்தால் மலம் பட்டுப் புண்ணாகிவிடும். இரத்தம் தென்பட்டாலோ விலங்கு வலியில் வீறிட்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள். வெளியே வந்தது புதிதாக இருந்து, கினிப் பன்றியே அதைத் தின்ன முற்பட்டால் தடுக்க வேண்டாம். அதற்குக் கிடைக்காமல் போன உணவுதான் அது.

இந்தத் தளர்ச்சி பெரும்பாலும் சரியாவதில்லை. சிலவற்றுக்கு வாரம் இரு முறை போதும். சிலவற்றுக்கு நாளைக்கு இரு முறை தேவைப்படும். அருவருப்பாகத் தோன்றினாலும் முழு வேலைக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது, விலங்கும் விரைவில் பழகிக்கொள்ளும். பெண்ணுக்கோ இளம் ஆணுக்கோ இதே தேக்கம் வந்தால் அதை வயதின் விளைவு என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேக்கம் இல்லாத ஆணுக்கும் அந்தப் பையில் முடி, உலர்புல் துணுக்கு, வெண்ணிறப் பிசுக்கு ஆகியவை சேரும். மாதம் ஒரு முறை, எண்ணெயில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஓரங்களைத் துடைத்தால் போதும். ஆண்குறியின் திறப்புக்குச் சற்று மேலே மெல்ல அழுத்தினால் அது வெளியே நீளும். முடி வளையமாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். விந்து உறைந்து ரப்பர் போல ஒட்டியிருந்தால் எண்ணெயில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். குறி உள்ளே திரும்பாமல் வீங்கினால், அதை ஈரமாக வைத்தபடி உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

முதுகின் கடைக்கோடியில், வால் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. அங்கு முடி மெழுகாக ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் கழித்து மென்மையான ஷாம்பூவால் அந்த இடத்தை மட்டும் கழுவலாம்.

மலம் சற்று இளகியிருந்து, கினிப் பன்றி துறுதுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால், ஒரு நாள் கீரை, காய்களை நிறுத்தி உலர்புல்லும் நீரும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். தண்ணீராகப் போனால், காத்திருக்கக் கூடாது. இவ்வளவு சிறிய உடல் சில மணி நேரத்தில் நீரிழந்து துவண்டுவிடும். தின்பதை நிறுத்திவிட்டாலும் அவ்வாறே. வீட்டில் மீந்திருக்கும் மனித மருந்துகளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குறிப்பாகப் பெனிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தால், கினிப் பன்றியின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து அது இறந்தே போகலாம்.

பின்புறம் மலத்தால் அன்றிச் சிறுநீரால் நனைந்திருந்தால் முதலில் படுக்கையைச் சந்தேகியுங்கள். நனைந்த விரிப்பில் உட்கார்ந்தே கிடந்தால் தோல் சிவந்து வெந்துபோகும். படுக்கை உலர்ந்திருந்தும் ஈரம் நீடித்தால் சிறுநீர்ப்பை அழற்சி, கல், மூட்டுவலி ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம். சிறுநீர் காய்ந்த இடத்தில் லேசான வெண்பொடி படிவது இயல்பு. மணல் போல நெருடினாலோ, சிறுநீர் கழிக்கும்போது முதுகை வளைத்துக் கத்தினாலோ இயல்பன்று. பெண் கினிப் பன்றிக்கு மாதவிடாய் கிடையாது. ஆகவே இரத்தக் கறை எப்போது தென்பட்டாலும் அது சிறுநீர்ப்பையிலோ கருப்பையிலோ கோளாறு இருப்பதற்கான அறிகுறியாகவே கொள்ள வேண்டும். வெந்த தோலில் துத்தநாகம் கலந்த களிம்பைப் பூசாதீர்கள். நக்கி விழுங்கினால் நஞ்சாகும்.

அழுக்கும் ஈரமும் கொண்ட பின்புறத்தில் ஈக்கள் முட்டையிடுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. வெளிர்நிறத் துகள்களாக முடியில் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகள் ஒரே நாளுக்குள் பொரிந்து, புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்னத் தொடங்கும். வெப்பமான பருவத்தில் காலையும் மாலையும் பின்புறத்தைப் பாருங்கள். ஒரே ஒரு புழு கண்ணில் பட்டாலும், இரவென்றும் பாராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். புறப்படும் முன் தெரிபவற்றை இடுக்கியால் எடுக்கலாம்; நீரில் முக்க வேண்டாம், நனைந்த முடியை மழிப்பது மருத்துவருக்குக் கடினமாகிவிடும்.

கழுவத்தான் வேண்டும் என்றால், அடியில் துவாலை விரித்த ஆழமற்ற தொட்டியில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் போதும். பின்பாகத்தை மட்டும் நனைத்து, ஒட்டியிருப்பது ஊறிய பின் விரலால் நெகிழ்த்தி எடுங்கள். உலர்ந்த கட்டியைப் பிய்த்தால் தோலும் உடன் வரும். துவாலையால் ஒற்றி, அடிமுடி வரை காய்ந்த பிறகே கூண்டில் விடுங்கள். நீள்முடி இனங்களுக்குப் பின்புற முடியை ஒட்ட நறுக்கிவிடுவது பாதி வேலையைக் குறைக்கும். நறுக்கும்போது தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே ஒரு சீப்பை வைத்துக்கொண்டால் தோல் வெட்டுப்படாது.

உணவில் பெரும்பங்கு உலர்புல்லாக இருந்தால் மலம் கெட்டிப்படும், பல்லும் தேயும், உடலும் பருக்காது; இங்கே சொன்ன சிக்கல்களில் பல அதிலேயே குறையும். வைட்டமின் சி-யைத் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள இயலாத விலங்கு என்பதால் குடைமிளகாய் போன்றவற்றை அன்றாடம் கொடுங்கள்.

மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது அன்றைய புழுக்கை சிலவற்றைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். எடைக் குறிப்பும் கையில் இருக்கட்டும். பட்டினி போட வேண்டாம். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. மயக்க மருந்துக்கு முன்னும் அது தின்றுகொண்டே இருப்பதுதான் குடலுக்கு நல்லது. பெட்டியில் நிறைய உலர்புல் வையுங்கள். கூடவே வாழும் துணையையும் அதே பெட்டியில் ஏற்றிச் சென்றால் வழியெல்லாம் அது நடுங்காமல் இருக்கும்.