ஆள் வராத வேலை விளம்பரத்தைத் திருத்திய கதை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் எங்கள் பக்கம் தமிழர்கள் அதிகம். நிரந்தர அரசு வேலை பிஎஸ்சி, அதாவது கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாகப் போகும். தற்காலிக வேலைக்குப் பல நேரம் அலுவலகமே விளம்பரம் எழுதும். ஓர் அலுவலகத்தின் டிரைவர் வேலை விளம்பரத்துக்கு ஆளே வரவில்லை. அரசாணை எண்ணில் தொடங்கி, சம்பளம் கடைசி வரியில் இருந்தது.

திருத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் வரியில் வேலை, தினக்கூலி, எத்தனை மாதம். அடுத்து லைசென்ஸ் வகை, வயது, நேர்காணல் நாள், இடம். 'எஸ்எஸ்எல்சி புத்தகம் (பத்தாம் வகுப்புச் சான்றிதழ்), லைசென்ஸ் இரண்டும் அசல் கொண்டு வரவும்' என்பதைத் தனி வரியில் தடித்த எழுத்தில் போட்டேன். இதுதான் முக்கியம், ஒரு சான்றிதழுக்காக மனுஷனைத் திருப்பி அனுப்புவது பெரும் அநியாயம். அரசாணை எண் வேண்டும்தான், ஆனால் கீழே இருந்தால் போதும்.

அப்புறம் மலையாளத்தோடு தமிழிலும் அச்சடித்து ரேஷன் கடை, பால் சொசைட்டி வாசலில் ஒட்டினோம். இந்த முறை ஆட்கள் வந்தார்கள், அசல் சான்றிதழோடு.