பெங்களூரு ஆட்டோ கட்டணத்தை வைத்து புரோகிராமிங் பழகுவது எப்படி

அல்சூரிலிருந்து சிவாஜிநகர் போக மீட்டர் எவ்வளவு காட்டும்? இதைக் கம்ப்யூட்டரிடம் கேட்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். கீபோர்டைத் தொட அவசரம் வேண்டாம்.

உள்ளே போவது தூரமும் ஏறும் நேரமும்; வெளியே வருவது ரூபாய். 2025 ஆகஸ்ட் முதலான விதிப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. (காத்திருப்புக் கட்டணத்தை இப்போதைக்கு விடுங்கள்.)

முதலில் கையால் போடுங்கள்: 5 கிலோமீட்டருக்கு 36 + 3 × 18 = 90. இரவில் 135. புரோகிராம் இதே விடையைத் தர வேண்டும். 126 வந்தால் 2 கிலோமீட்டரைக் கழிக்கவில்லை என்று அர்த்தம்.

1.2 கிலோமீட்டர் கொடுத்துப் பாருங்கள். 21.60 வந்தால், தூரம் 2-க்குள் இருக்கிறதா என்று நீங்கள் சோதிக்கவே இல்லை, மைனஸ் 0.8-ஐ 18-ஆல் பெருக்கி 36-உடன் கூட்டிவிட்டது. எந்த டிரைவரும் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்!

பலரும் சறுக்கும் இடம் இரவுக் கணக்கு. ‘மணி 22 அல்லது அதற்கு மேல், மேலும் 5-க்குக் கீழ்’ என்று எழுதினால் அது ஒருபோதும் உண்மையாகாது. நள்ளிரவைத் தாண்டும் நேரத்துக்கு ‘மேலும்’ உதவாது, ‘அல்லது’தான் வேண்டும்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் தட்டச்சு செய்த 5 எண்ணாக அல்ல, எழுத்தாகத்தான் வரும். ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றாமல் கழித்தால் எர்ரர். முழு எண்ணாக மாற்றும் இன்ட் போட்டால் 1.2-க்கே எர்ரர் காட்டி நின்றுவிடும்.

சோதிக்க எல்லை எண்களே போதும்: 2, 2.1 கிலோமீட்டர், மணி 21, 22, 4, 5. பகலில் 2.1-க்கு 37.80 வர வேண்டும்.