"லாஜிக்கே இல்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

டிபேட் பழக வர்ற பசங்க வாயில ஓயாம வர்ற வார்த்தை லாஜிக். எதிராளி சொன்னது புடிக்கலையா, லாஜிக் இல்ல. புரியலையா, அப்பவும் லாஜிக் இல்ல. இந்த வார்த்தைய வச்சு அவங்க பண்ற தப்பு எல்லாம் கீழ.

லாஜிக்கலா இருந்தா உண்மைதான்னு நம்புறது

எத்தன தடவ சொன்னாலும் மாறாதது இதுதான், இன்னும் எரிச்சலா வருது. சொன்ன காரணமெல்லாம் உண்மைன்னு வச்சுக்கிட்டா அந்த முடிவு வந்தே ஆகணுமா, லாஜிக் பாக்குறது அத மட்டும்தான். காரணம் நெஜமாவே உண்மையாங்குறது வேற கேள்வி. எல்லா பறவையும் பறக்கும், பென்குயின் ஒரு பறவை, அதனால பென்குயின் பறக்கும். முடிவு சுத்தப் பொய், ஆனா லாஜிக்ல ஒரு கொறையும் சொல்ல முடியாது, பொய் மொத வரியிலயே இருக்கு. இப்ப இதப் பாருங்க: எல்லா பறவையும் முட்டை போடும், காக்காவும் முட்டை போடும், அதனால காக்கா பறவை. மூணு வரியும் உண்மை, லாஜிக் மட்டும் பூஜ்யம். காக்காவ எடுத்துட்டு ஆமைய வைங்க, ஆமையும் பறவையாயிடும்!

ஒரு ஃபைனல்ல எதிர் டீம் பையன், "பயம் தர்ற எதையும் பள்ளிக்கூடத்துல வைக்கக்கூடாது, பரீட்சை பயம் தருது, அதனால பரீட்சை வேண்டாம்"னான். பதில் சொல்ல எந்திரிச்ச பொண்ணு லாஜிக்கே இல்ல லாஜிக்கே இல்லன்னு பாதி நேரத்த ஓட்டிடுச்சு, அவன் நிதானமா "எந்த எடத்துல இல்ல?"ன்னு கேட்டான், அவ்ளோதான், பேச்சு நின்னுபோச்சு. அடிக்க வேண்டியது அந்த மொத வரிய. பயம் தர்றதெல்லாம் வேண்டாம்னா நீச்சல் கிளாஸும் மேடைப்பேச்சும் கூடத்தான் போகணும்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். கப்பு போச்சு.

திருப்பிப் போடுறது

புகை இருந்தா நெருப்பு இருக்கும், சரி. அதுக்காக நெருப்பு இருந்தா புகை இருக்கணும்னு இல்ல. பழுக்கக் காய்ச்சின இரும்புக் குண்டுல நெருப்பு இருக்கு, புகை எங்க? இது நியாய தரிசனக்காரங்க, அதாவது நம்ம நாட்டுப் பழைய தர்க்க மரபுக்காரங்க, காலங்காலமா சொல்ற உதாரணம்.

குதர்க்கம்

எதிராளி வாதத்த குதர்க்கம்னு சொன்னா அது திட்டு, பதில் இல்ல.

சினிமா லாஜிக்

ஹீரோ அடிச்சு பத்து பேரு பறந்தா அங்க அடிபடுறது பிசிக்ஸ், லாஜிக் இல்ல. பிறவியிலயே பார்வை இல்லாதவர்னு காட்டிட்டு, எந்த ஆபரேஷனும் இல்லாம செகண்ட் ஹாஃப்ல அவரே பேப்பர் படிச்சா, அப்ப தாராளமா சொல்லுங்க லாஜிக் இல்லன்னு.