எல்மர் கீத் ரிவால்வர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மூலப்பத்திரத்தைக் கேளுங்கள்

நம் ஊரில் அரை கிரவுண்டு மனை வாங்குவதென்றாலும் மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஆயிரம் கேள்வி கேட்போம். அதே ஆள் ஒரு பழைய ரிவால்வரைப் பார்த்து, "இது எல்மர் கீத் வைத்திருந்தது" என்று விற்பவர் சொன்னதும் கையில் இருக்கும் பணத்தையெல்லாம் எடுத்து நீட்டுகிறார். ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஆனால் நானும் ஒரு தடவை அந்த விளிம்பு வரை போய் வந்தவன்தான், அந்தக் கதை பின்னால் வருகிறது.

கீத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1899ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஹார்டினில் பிறந்தவர், ஐடஹோவின் சாமன் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர், பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி. பெரிய தொப்பியும் சுருட்டுமாக அவர் நிற்கும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் துப்பாக்கிப் பத்திரிகைகளில் எழுதினார், 1984ல் இறந்தார். 1935ல் வந்த 357 மேக்னம், அதற்குப் பிறகு வந்த 44 மேக்னம், 1964ல் வந்த 41 மேக்னம் என மூன்று தோட்டாக்களின் பிறப்பிலும் அவருடைய நச்சரிப்புக்கு ஒரு பங்கு உண்டு. அதனால்தான் அவர் கையில் இருந்த ரிவால்வர் என்றால் விலை பல மடங்கு ஏறுகிறது. துப்பாக்கிக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை. ஏமாற்று எல்லாம் அந்த இரண்டாவது விலையில்தான் நடக்கிறது.

முதல் தவறு, "கைபட்டது" என்பதையும் "சொந்தமாக வைத்திருந்தது" என்பதையும் ஒன்றாக எண்ணுவது. துப்பாக்கி எழுத்தாளர் என்றால் கம்பெனிகள் சுட்டுப் பார்த்து எழுதச் சொல்லி அனுப்புவார்கள், அவர் எழுதிவிட்டுத் திருப்பி அனுப்புவார். நண்பர்கள் கொண்டுவந்து காட்டுவார்கள், வேட்டைக்கு வந்தவர் தன் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டுத் தரச் சொல்வார். இப்படி அவர் கைபட்டவை எத்தனையோ. சொந்தமாகப் பல ஆண்டுகள் இடுப்பில் கட்டித் திரிந்தவை கொஞ்சம்தான். இதற்கு நடுவில் கம்பெனியோ ரசிகரோ பரிசாகக் கொடுத்தவை, கொஞ்ச நாள் வைத்திருந்து வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டவை என்று பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் விலை வேறு. விற்பவர் எந்தப் படியைச் சொல்கிறார் என்று நேராகக் கேளுங்கள், மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் துப்பாக்கிச் சந்தைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஓஜிஈகே முத்திரை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கீத் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் படைக்கலச் சாலையில் ஆய்வாளராக வேலை பார்த்தார். அங்கே பழுதுபார்த்து வெளியே போன ராணுவ ரைஃபிள்களின் கட்டையில் ஆக்டனையும் அவர் பெயரையும் குறிக்கும் அந்த நான்கு எழுத்துகள் குத்தப்பட்டன. அது ஒரு ஆய்வு முத்திரை, அவ்வளவுதான். அவர் வைத்திருந்த ரைஃபிள் என்றும் பொருள் இல்லை, ஒவ்வொன்றையும் அவரே எடுத்துப் பார்த்தார் என்றுகூடப் பொருள் இல்லை. முத்திரைக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தவறில்லை. "கீத்தின் ரைஃபிள்" என்ற விலைக்கு வாங்கினால் அது உங்கள் பிழை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துப்பாக்கிச் சந்தையில், ஒரு மேசைமேல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ட்ரிபிள் லாக் ஒன்று இருந்தது. 1907 முதல் 1915 வரை மட்டும் செய்த ரிவால்வர் அது, சிலிண்டரைத் தாங்கும் கிரேன் பக்கம் மூன்றாவதாக ஒரு பூட்டு இருக்கும், அதனால் அந்தப் பெயர். கீத்துக்கு அந்த மாடல் மிகவும் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கடிதம், தட்டச்சு செய்தது, கீழே கீத் கையெழுத்து. கையெழுத்து அசல் மாதிரிதான் தெரிந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. விலை கேட்டேன், சொன்னார், குறைக்கச் சொன்னேன், குறைத்தார். பணம் எண்ணும் நேரத்தில் ஏதோ தோன்றி கடிதத்தை முழுதாக ஒரு தடவை படித்தேன். "உங்கள் ட்ரிபிள் லாக் நல்ல துப்பாக்கி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் எழுதியிருந்தார். உங்கள்! அதாவது யாரோ ஒரு வாசகர் தன் ரிவால்வரைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார், இவர் பதில் போட்டிருக்கிறார். அது கீத்தினுடையது இல்லை என்பதற்குத்தான் அந்தக் கடிதம் சாட்சி.

கீத் வாசகர் கடிதங்களுக்கு ஏராளமாகப் பதில் எழுதியவர். அவர் கையெழுத்துப் போட்ட கடிதங்களும் புத்தகங்களும் நிறையவே சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஒரு துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒன்றை வைப்பது பெரிய வேலையே இல்லை. கடிதத்தில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், அந்த நம்பர் துப்பாக்கியில் இருக்க வேண்டும். நம்பர் இல்லாத கடிதம் வெறும் நினைவுப்பொருள்.

அடுத்தது கம்பெனிக் கடிதம். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற இரண்டு துப்பாக்கிக் கம்பெனிகளிடமும் பழைய பேரேடுகள் இருக்கின்றன, சீரியல் நம்பரைக் கொடுத்துப் பணம் கட்டினால் எந்தத் தேதியில், என்ன பூச்சோடு, எத்தனை அங்குலக் குழலோடு, எங்கே அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவார்கள். இதை வாங்காமல் பெரிய தொகைக்கு வாங்குவது முட்டாள்தனம் என்பேன். ஆனால் அதிலும் ஒரு வழுக்கல் உண்டு: பெரும்பாலான துப்பாக்கிகள் ஏதோ ஒரு கடைக்கோ மொத்த வியாபாரிக்கோதான் போயிருக்கும், கீத்தின் பெயர் பேரேட்டில் இருக்காது. "பெயர் இல்லையே, அப்போ பொய்" என்று தூக்கிப் போடுவதும் தவறு, "சாமன் ஊருக்குப் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறது, அப்போ அவருடையதுதான்" என்று குதிப்பதும் தவறு. அந்தக் கடிதம் சொல்வது துப்பாக்கி எப்படிப் பிறந்தது என்பதை மட்டும். யார் வளர்த்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

அந்த வேறு சான்று கீத் விஷயத்தில் ஓரளவு கிடைக்கிறது, அதுதான் நல்ல செய்தி. அவர் குடும்பத்திடம் இருந்த தொகுப்பு கொஞ்ச காலம் ஐடஹோவின் பாய்ஸி நகரத்தில் ஒரு பெரிய கடைக்குள் காட்சிக்கு இருந்தது, பிறகு 2015 மார்ச்சில் மெய்ன் மாநிலத்தில் ஜேம்ஸ் டி. ஜூலியா ஏல நிறுவனத்தில் விற்கப்பட்டது. அந்த ஏலப் பட்டியல் புத்தகத்தில் படமும் விவரமும் இருக்கின்றன. இன்று யாராவது கீத் ரிவால்வர் என்று காட்டினால் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஜூலியா பட்டியலில் எத்தனையாவது லாட்?" அதில் இல்லையென்றால் பொய் என்று அர்த்தமில்லை, அவர் வாழ்நாளிலேயே விற்றதும் மாற்றியதும் கொடுத்ததும் உண்டு. ஆனால் அப்போது சான்று காட்டும் பாரம் முழுக்க விற்பவர் தலையில். கட்டுரைகளில் வந்த பழைய படங்களைப் பாருங்கள். செதுக்கு வேலையின் கோடுகள், தந்தப் பிடியில் ஓடும் ரேகை, ஒரு மூலையில் இருக்கும் தழும்பு, இவை கைரேகை மாதிரி, இரண்டு துப்பாக்கியில் ஒரே மாதிரி இருக்காது.

ஐந்தாம் எண் ரிவால்வரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1928ல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெரால்டு கிராஃப்ட் என்பவர், ஆரிகன் மாநிலத்தில் டர்க்கி என்ற இடத்தில் அப்போது இருந்த கீத்தைப் பார்க்க ஒரு பெட்டி நிறைய ரிவால்வர்களோடு வந்தார். தான் மாற்றியமைத்தவற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டிருந்தார். இருவரும் பேசிப் பேசிச் சுட்டுப் பார்த்ததில் பிறந்ததுதான் கீத்தின் ஐந்தாம் எண். ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுட வேண்டிய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் உடல், பிடியின் பின்பக்கத்துக்கு கோல்ட்டின் இன்னொரு மாடலான பிஸ்லியின் பாகம், முன்பக்கத்துக்கு சிங்கிள் ஆக்‌ஷன் பாகம், 44 ஸ்பெஷல் தோட்டா. 1929ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இதை உலகத்துக்குக் காட்டினார்.

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றாக வருகின்றன. ஒன்று, "ஐந்தாம் எண்" என்ற சொல்லைப் பார்த்ததும் அசல் என்று நினைப்பது. அசல் ஒன்றே ஒன்று. டெக்சஸ் லாங்ஹார்ன் ஆர்ம்ஸ் என்ற நிறுவனம் "இம்ப்ரூவ்டு நம்பர் ஃபைவ்" என்றே பெயர் வைத்து 44 மேக்னத்தில் ரிவால்வர்கள் செய்தது. அருமையான துப்பாக்கிகள், தனியாகவே சேகரிக்கத் தகுந்தவை, ஆனால் கீத் அவற்றை வைத்திருந்ததாக நினைத்து யாரும் வாங்கக் கூடாது. இன்னொன்று இதற்கு நேர் எதிர். எல்லா இடத்திலும் நம்பர் ஒன்றாக இருந்தால்தான் அசல் என்ற பிடிவாதம். பழைய கோல்ட்டில் உடல், விசைக்காப்பு, பிடியின் பின்பட்டை மூன்றிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும் என்பது சாதாரணத் துப்பாக்கிக்குச் சரியான விதி. கீத்தும் அவர் கூட்டாளிகளும் ஒரு துப்பாக்கியின் பாகத்தை இன்னொன்றில் மாட்டியவர்கள். அவர் மாற்றியமைத்த துப்பாக்கியில் நம்பர் பொருந்தாமல் இருப்பதே சில சமயம் இயல்பு, எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்தினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

காலக்கணக்கு பார்க்காதது இன்னொரு தவறு, இது கொஞ்சம் சுலபமாகப் பிடிபடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 44 மேக்னம் 1956 தொடக்கத்தில் வெளியே வந்தது, முதலில் வந்த சிலவற்றில் ஒன்று கீத்துக்குப் போனது. அந்த ரிவால்வருக்கு 29 என்ற மாடல் எண் 1957ல்தான் வந்தது. ஆகவே கிரேனைத் திறந்தால் உள்ளே 29 என்று குத்தியிருக்கும் ஒன்றைக் காட்டி "கீத்துக்கு முதன்முதலில் வந்தது இதுதான்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ஆரம்பத்தில் வந்தவற்றில் திருகாணி ஐந்து, பிறகு மேலே ஒன்றைக் குறைத்தார்கள், அதையும் எண்ணிப் பாருங்கள். அறுநூறு கஜ தூரத்தில் காயம்பட்ட மானை 44 மேக்னம் ரிவால்வரால் சுட்டு வீழ்த்தியதாகக் கீத் எழுதியிருக்கிறார், அது நடக்குமா நடக்காதா என்று இன்றுவரை சண்டை ஓய்ந்தபாடில்லை (நடந்திருக்கும் என்பது என் கட்சி, ஆனால் அது இப்போது வேண்டாம்). "அந்த மானைச் சுட்ட ரிவால்வர் இது" என்று கதை கட்டுபவர்களிடம் மட்டும் கூடுதல் உஷாராக இருங்கள், பிரபலமான கதைக்குத்தான் போலிகள் அதிகம்.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தயவுசெய்து பளபளப்பாக்காதீர்கள். தோல் உறையில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துக் குழல் முனையில் நீலப்பூச்சு தேய்ந்திருக்கிறதே, அந்தத் தேய்மானத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அதைத் தேய்த்தவர் கீத். மெருகு போட்டுப் புதுப் பூச்சு ஏற்றினால் அவர் அதிலிருந்து போய்விடுவார், பழைய ரிவால்வர் ஒன்று மட்டும் மிஞ்சும். லேசாக எண்ணெய் தடவிய துணியால் துடைத்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், போதும். தோல் உறைக்குள் போட்டு மட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரம் இழுக்கும், துரு பிடிக்கும்.

சுட்டுப் பார்க்கும் ஆசையைப் பற்றி. கீத் அதிக வலுவுள்ள தோட்டாக்களைத் தானே அடைத்துச் சுட்டவர். 1925 ஜூலை 4 அன்று கொண்டாட்டமாகச் சுடும்போது அவருடைய 45 கோல்ட்டின் சிலிண்டர் மேல்பாதி வெடித்துப் பறந்தது. அதற்குப் பிறகுதான் 44 ஸ்பெஷலுக்கு மாறினார், காரணம் எளிது: அதே அளவு சிலிண்டரில் துளை சிறிதானால் சுவர் தடிமனாக இருக்கும். அப்படிப்பட்டவர் கையில் பல ஆண்டுகள் உழைத்த இரும்பு உள்ளே எந்த நிலையில் இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் அளந்து பார்க்காமல் ஒரு குண்டுகூடப் போடாதீர்கள். பெட்டியோடு வந்த பழைய கையடைப்புத் தோட்டாக்களைச் சுடவே கூடாது, யார் என்ன அடைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்.

சட்டத்தில் பலர் கோட்டைவிடுவது தந்தப் பிடி விஷயம். கீத்துக்கு யானைத்தந்தப் பிடி என்றால் உயிர். 2016ல் அமெரிக்க மத்திய அரசு ஆப்பிரிக்க யானைத்தந்தத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுத்துவிட்டது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கும், 200 கிராமுக்குக் குறைவான தந்தம் ஒரு பொருளின் சிறு பாகமாக இருந்தால் சில நிபந்தனைகளோடும் விலக்கு உண்டு. ரிவால்வர் பிடி அந்த இரண்டாவது விலக்குக்குள் வரலாம், ஆனால் பிடியை மட்டும் கழற்றித் தனியாக விற்றால் கதையே வேறு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்களும் இருக்கின்றன. ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்பே உங்கள் மாநிலத்துக்கு அது வர முடியுமா என்று கேட்டுவிடுங்கள். வெளிமாநிலத்தில் வாங்கினால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் வரும் என்பது வழக்கமானது, பழம்பொருள் சேகரிப்பு உரிமம் இருந்தால் கொஞ்சம் வேலை மிச்சம். அப்புறம் ஏலத்தொகையின்மேல் நிறுவனம் போடும் கமிஷன், அதை மறந்துவிட்டுக் கை தூக்கிப் பிறகு விழிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ட்ரிபிள் லாக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஆண்டு அதே சந்தையில் அதே மேசையில் அது இருந்தது, விலை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, வாங்கிவிட்டேன். கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தார். ரிவால்வர் பெட்டகத்தில் இருக்கிறது, கடிதம் வேறு அறையில் வேறு கோப்பில் இருக்கிறது, அதன் உறைமேல் "இது அந்தத் துப்பாக்கிக்கு உரியது அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு என் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து யார் தலையிலாவது கட்டிவிடக் கூடாதே.